மூன்று முயலுக்குத்தான் அனுமதி

கோவையிலிருந்து சத்தியமங்கலம் போகிற சாலையில் உள்ள ஒரு தனியார் ஆய்வகத்தில் நான் கால்நடை மருத்துவர். என்னிடம் யாரும் மாட்டையோ நாயையோ கூட்டிக்கொண்டு வருவதில்லை. மனித உடம்புக்குள் ஊசியால் செலுத்தப் போகும் பொருட்கள்தான் எங்களிடம் வரும். மூட்டுக்குள் போடும் ஜெல், பல் பிடுங்கிய குழியை நிரப்பும் பசை, இப்படி. அவற்றால் உடம்புக்குக் கெடுதல் உண்டா என்று முதலில் முயலுக்கும் எலிக்கும் போட்டுப் பார்த்துச் சொல்வது எங்கள் தொழில்.

"முயலக் கொல்ற வேலையா கண்ணு?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கொடுமுடியில் ஒரு கல்யாணத்தில் இதைக் கேட்ட பெரியப்பா, அந்த மாதம்தான் இரண்டு முழங்காலிலும் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவரிடம் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் செய்ததைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து மூட்டு ஜெல் வந்தது. அந்த ஜெல்லை உப்புநீரில் மூன்று நாள் ஊறவைத்து, அதில் இறங்குகிற சாற்றை முயலின் முதுகில் ஒரு பக்கம் ஐந்து இடத்தில் தோலுக்குள் போட வேண்டும். மறுபக்கம் வெறும் உப்புநீர், அதே போல ஐந்து இடத்தில். பிறகு மூன்று நாள் தினமும் பார்த்து, சிவப்புக்கும் வீக்கத்துக்கும் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை மதிப்பெண் போட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் அந்தப் பொருள் தேறியது. இதற்கு மூன்று முயல் போதும்.

முயலின் முதுகில் மயிர் வெட்டுகிறவர் எங்கள் விலங்குக் கூடத்து அக்கா. அன்னூர்ப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவார். ஒரு கையால் முயலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மறு கையால் மெஷினை ஓட்டினால், முயல் கண்ணைக்கூடச் சிமிட்டாது. பதினோரு வருஷமாக அந்த வேலையைச் செய்தவர். எனக்கு ஊசி போட வரும். அவரைப் போல முயலைப் பிடிக்க வராது.

ஊசி போட்ட மறுநாள் காலையில் கூண்டைத் திறந்தபோது சாறு போட்ட பக்கம் ஐந்து இடமும் சிவந்திருந்தன. அடுத்த நாள் ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவுக்குத் தடித்துவிட்டது. மூன்று முயலுக்கும் அப்படியே. உப்புநீர் போட்ட பக்கத்தில் ஊசி போட்ட இடமே தெரியவில்லை. மூன்று, மூன்று, இரண்டு என்று நான் மதிப்பெண் எழுதிக்கொண்டு போனேன். போட்டோவும் எடுத்து வைத்தேன். ஜெல் கெட்டியாக நிற்பதற்காகச் சேர்க்கிற வேதிப்பொருளைச் சரியாகக் கழுவாமல் விட்டிருப்பார்கள் என்று அப்போதே தோன்றியது.

மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அக்காவையும் வரச் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க டாக்டர், கம்பெனிக்காரங்க நெம்ப அவசரத்துல இருக்காங்க. இதப் போயி ரிப்போர்ட்டுன்னு குடுக்க முடியுங்களா? ஷேவ் பண்றப்பத் தோலு கீறியிருக்கும். அதுதான் செவந்திருக்கு. அப்படின்னு ஒரு நோட் எழுதிப்போட்டு, வேற மூணு முயல எடுத்து மறுபடி பண்ணீருங்க."

அக்காவின் முன்னால் ஒரு தாள் இருந்தது. மயிர் வெட்டும்போது கவனக்குறைவாக இருந்துவிட்டேன் என்று அதில் அவருக்காக யாரோ எழுதி வைத்திருந்தார்கள்.

அக்கா அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு கேட்டார்: "ரெண்டு பக்கமும் நாந்தானுங்க வெட்டுனேன். ஒரே மெஷினுதானுங்க. ஒரு பக்கம் மட்டும் எப்படிங்க சார் செவக்கும்?"

இதைவிடத் தெளிவாக அந்தக் கேள்வியை யாராலும் கேட்டிருக்க முடியாது. நான் ஐந்து வருஷம் கல்லூரியில் படித்தது இதைக் கேட்கத்தான். ஆனால் கேட்டவர் அக்கா. நான் வாயை மூடிக்கொண்டு மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்கு இதெல்லாம் புரியாதுங்கம்மா. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க" என்றார் மேலாளர். எங்கள் ஊரில் கழுத்தை அறுப்பதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். அக்கா கையெழுத்துப் போட்டார். மறுநாள் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது.

நான் வேறு மூன்று முயல்களை எடுத்தேன். அதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மயிர் வெட்டும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். நான்தான் ஊசி போட்டேன். மறுநாள் அதே சிவப்பு. அதற்கடுத்த நாள் அதே வீக்கம். அந்த மூன்று முயல்களும் புதிதாக எதையும் சொல்லவில்லை. முதல் மூன்று சொன்னதையே சொல்லின. சோதனை முடிந்ததும் அவற்றுக்குக் கடைசி ஊசியையும் நானே போட்டேன். ஒரு விலங்கை வலிக்க வைத்து உண்மையைத் தெரிந்துகொள்வது கொடுமை; மனிதர்களைக் காப்பாற்ற அது வேண்டியிருக்கிறது என்று நம்பித்தான் இந்த வேலைக்கு வந்தேன். வலிக்க வைத்துவிட்டு, கிடைத்த உண்மையைக் கிழித்துப் போடுவதற்கு என்ன பெயர்? அன்று வீட்டுக்கு வந்து குளித்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். யார் மேல் கோபப்படுவது என்று தேடினால் முதலில் நான்தான் நின்றேன்.

மேலாளர் அசரவில்லை. "இந்த பேட்ச் முயலே சரியில்லைங்க போல. வேற எடத்துல இருந்து மூணு வாங்கீரலாம்" என்றார்.

"வாங்க மாட்டேனுங்க சார்."

"என்னங்க?"

"முயலுக்கு ஒண்ணுமில்லீங்க. ஜெல்லுதான் சரியில்ல. ஒரே முதுகு, ஒரே ஊசி, ஒரே கை. உப்புத்தண்ணி போட்ட பக்கம் சுத்தமா இருக்குது. அந்தக்கா மொத நாளே கேட்டாங்களே, நீங்க பதில் சொன்னீங்களா? இத ஒருத்தரு முட்டியில போட்டா என்னாகும்னு எழுதிக் குடுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."

என் குரல் வெளியே கேட்டிருக்க வேண்டும். கதவருகே நடமாட்டம் நின்றுபோனது. அவர் முகம் மாறவில்லை. "நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

விலங்குகளை வைத்துச் சோதனை செய்கிற இடத்தில் ஒரு நெறிமுறைக் குழு இருக்கும்; எந்தச் சோதனைக்கு எத்தனை விலங்கு என்று அனுமதி கொடுப்பது அவர்கள்தான். அதில் விஞ்ஞானம் படிக்காத வெளியாள் ஒருவரும் இருப்பார். எங்கள் குழுவில் அவர் நகரத்து சர்ச் பள்ளிக்கூடம் ஒன்றில் தமிழ் நடத்துகிற ஆசிரியை. கூட்டத்துக்கு வந்தால் டீ குடித்துவிட்டுப் போகிறவர் என்று எங்கள் ஆட்கள் கிண்டல் செய்வார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிகிற நேரம் பார்த்து அவருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். நான் செய்ததையும் சேர்த்துத்தான்.

அவர் ஒரே கேள்வி கேட்டார். "நாங்க எத்தன முயலுக்குங்க அனுமதி குடுத்தோம்?"

"மூணுங்க மிஸ்."

"சரி. அடுத்த கூட்டத்துக்கு நான் வாரேன். அந்த போட்டோவெல்லாம் கொண்டாங்க."

கூட்டத்தில் அவர் ஜெல்லைப் பற்றிப் பேசவே இல்லை. அனுமதித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு, "இதுல மூணுன்னு இருக்குது. கூண்டு ரிஜிஸ்டர்ல ஆறுன்னு இருக்குது. மிச்சம் மூணுக்கு யாரு அனுமதி குடுத்தாங்க?" என்று கேட்டார். மேலாளர் சுற்றிச் சுற்றிப் பேசினார். ஆசிரியை பாடம் ஒப்பிக்காத பிள்ளையிடம் கேட்பது போல அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார். நான்காவது முறை கேட்டபோது, யாரிடமும் அனுமதி வாங்கவில்லை என்று மேலாளர் ஒப்புக்கொண்டார். ஆறு முயலின் மதிப்பெண்ணும் போட்டோவும் அப்படியே அறிக்கையில் போக வேண்டும் என்று முடிவானது.

கம்பெனிக்காரர்கள் குதித்தார்கள். வேறு ஆய்வகம் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். ஆனால் எழுத்தில் வந்துவிட்ட அறிக்கையை அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சில மாதம் கழித்து அதே ஜெல்லைக் கூடுதலாகக் கழுவி, புதிய பேட்ச் எண்ணோடு அனுப்பினார்கள். கழுவாமல் மிச்சமிருந்த வேதிப்பொருள்தான் காரணம் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். குழுவிடம் முறையாக அனுமதி வாங்கி மூன்று முயலுக்குப் போட்டேன். முதுகின் இரண்டு பக்கமும் ஒன்று போலவே இருந்தன.

அந்த வருஷக் கடைசியில் நடந்த ஊழியர் கூட்டத்தில் மேலாளர் மைக்கைப் பிடித்து, "நம்ம குவாலிட்டி எப்படின்னா, ஒரு தப்பான பொருள வெளிய விடாமத் தடுத்தோம்" என்றார். கைதட்டினார்கள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

அதற்குள் அக்கா வேலையை விட்டிருந்தார். எச்சரிக்கைக் கடிதம் வந்த பிறகு அவரைக் கூண்டு கழுவ மட்டும் வைத்திருந்தார்கள். அது பொறுக்காமல் ஒரு கல்லூரி விடுதிச் சமையலறைக்குப் போய்விட்டார். அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற வைக்க நான் இரண்டு மாதம் சண்டை போட வேண்டியிருந்தது. ரத்து செய்த உத்தரவை எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போனேன். அவர் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து படித்தார்.

"வேல செய்யறப்ப குடுத்திருந்தா ஆயிருக்கும். இப்ப இத வெச்சு என்ன பண்றதுங்க அம்மணி?" என்றார். பிறகு, "அன்னிக்கு நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமுங்க" என்றார்.

"ஆமாங்க்கா" என்றேன்.

நான் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறேன். மேலாளர் என்னைச் சண்டைக்காரி என்கிறார். அப்படியே சொல்லட்டும்.