கலங்கலில் மூட்டையை எடுத்தபோது

சாயங்காலம் நான்கு மணி ஐந்து நிமிஷத்துக்கு ஏரிக் கலங்கலிலிருந்து முதல் மண் மூட்டையை உருட்டினார்கள். நான்கு பத்துக்குப் பள்ளிக்கூடம் விடும். இரண்டையும் சேர்த்து நினைக்க அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஏரி நிறைந்தால், மிஞ்சிய தண்ணீர் கலங்கல் என்கிற கல்தளத்தின் மேல் வழிந்து கால்வாயில் இறங்கும். இரண்டாம் போகத்துக்கு இன்னும் ஒரு முழம் தேங்கட்டும் என்று நிலக்காரர்கள் ஐப்பசியிலேயே கலங்கலின் மேல் மூட்டை அடுக்கிவிடுவார்கள். கால்வாய் காய்ந்து கிடக்கும். அக்கரைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிள்ளைகள் அதில் இறங்கித்தான் வீடு வருவார்கள். ரோட்டுப் பாலம் சுற்று வழி.

அன்று விடாத மழை. கரையில் ஓரிடத்தில் கசிவு கண்டிருந்தது. நான் தூக்கில் டீ கொண்டுபோனபோது ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

“இன்னும் ஒரு நாள் தாங்கும்பா, எடுக்காத,” என்றார் என் கணவரின் அண்ணன்.

“கரை ஒடைஞ்சா நீ போயி குறுக்கப் படு. உன் தொப்பைக்கு நல்லா அடைக்கும்,” என்றபடி என் கணவர் கடப்பாரையை மூட்டைக்கு அடியில் கொடுத்தார். சிலர் சிரித்தார்கள்.

மூட்டைகள் சரிந்தன. லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவதுபோல் ஒரு சத்தம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

“பசங்க வர்ற நேரம்,” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். கணவர் ஒரு மூட்டையைத் திரும்பத் தூக்கி வைத்தார். தண்ணீர் அதையும் இழுத்துக்கொண்டு போனது.

கால்வாய் ஓரமாக ஓடினேன். அவரும் கடப்பாரையோடு பின்னால் ஓடிவந்தார். பிள்ளைகள் கடக்கும் இடத்தில் செந்நிறமாக வெள்ளம் புரண்டது. கயிற்றோடு ஒரு ஆடு மிதந்து போனது. அக்கரையில் யாருமில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகளின் பையாவது கண்ணில் படுமா என்று தேடினேன். படாதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. கணவர் தண்ணீரில் காலை வைத்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது; மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மழை நாளில் பஸ் தாமதமானால் என் கை இன்னும் எதையாவது பிடித்து இழுக்கப் பார்க்கிறது.

எவ்வளவு நேரம் கத்தினோமோ. கடைசியில் பாலம் சுற்றி ஒருத்தி ஓடிவந்தாள். எங்கள் கழனியில் நடவுக்கு வருகிற காலனிப் பெண். கையில் அரிவாள், உடம்பெல்லாம் சேறு.

“உங்க பொண்ணு பள்ளிக்கூடத்துல கீதும்மா. கால்வாயில புல்லு அறுத்துக்கினு இருந்தேன், மேல சத்தம் கேட்டுச்சி. ஓடிப்போயி அத்தினி புள்ளைங்களயும் உள்ள தள்ளி கதவ சாத்திட்டேன். டீச்சரு என்னப் பைத்தியம்னு நெனச்சிக்கினு கீறாங்க.”

மூச்சு வாங்கியபடி அவள் என் கணவர் கையிலிருந்த கடப்பாரையைப் பார்த்தாள்.

“என் ஆடு போச்சி, அது கெடக்கட்டும். மூட்டைய எடுக்கறதுக்கு முன்னாடி கீழ ஒரு ஆள அனுப்பினா இன்னா நைனா?”