அடுப்பின்மேல் மூன்று கட்டம்

பாட்டில் விற்க வந்தவனின் மண்டையை மூன்றாம் மாடித் தையல்காரி வாணலியால் பிளந்துவிட்டாள் என்று கட்டடம் முழுக்கப் பேச்சு. இரண்டாம் மாடிக்காரர் ரத்தத்தைக் கண்ணாலேயே பார்த்தாராம். அன்றைக்கு அவர் ஊரிலேயே இல்லை, அது வேறு விஷயம். உண்மையில் நடந்ததில் வாணலியே கிடையாது. கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தையல்காரியின் புருஷனை எல்லோரும் ‘ஹாரன்’ என்பார்கள். லாரி ஓட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். இப்போது லாரி போய்விட்டது, ஹாரன் மட்டும் நெஞ்சுக்குள் கேட்கிறது. தூசியோ நெடியோ பட்டால் இழுப்பு வந்துவிடும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பெண்டாட்டி தைக்கும் சட்டைகளுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருப்பார். வீட்டில் அழுக்கும் போக வேண்டும், அவர் மூச்சுக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அவளுக்கு இருந்த கவலை அதுதான்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் ஒரு பச்சை பாட்டிலோடு வந்து நின்றாள். பாட்டிலைச் சுற்றி ஒரு காடே முளைத்திருந்தது, லேபிளில் அத்தனை இலைப் படம்.

“முழுக்க இயற்கை அண்ணி. குழந்தை குடிச்சாக்கூட ஒண்ணும் ஆகாது.”

“அடுப்பு துடைக்கிறதைக் குழந்தை எதுக்குடி குடிக்கணும்?”

“உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியுமா. எங்கண்ணனுக்காகத்தான் தூக்கிட்டு வந்தேன்.”

அண்ணனுக்காக என்றதும் இவள் மனசு இளகிவிட்டது. புதுத் துணி எது வந்தாலும் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, நனைத்து, இஸ்திரிப் பெட்டியை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுப்பாள். அப்பேர்ப்பட்டவள் அன்றைக்கு இலைப் படத்தை நம்பி வீடு முழுக்கத் துடைத்தாள். வெளியே மழை, ஜன்னல் சாத்தியிருந்தது. ஊரில் உள்ள பழம், பூ எல்லாம் சேர்ந்து ஒரே நெடி. ஹாரன் கையில் இருந்த சட்டை நழுவியது. உதடு நீலமாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு மாஸ்க் மாட்டிவிட்டு, டாக்டர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள என்ன இருக்குன்னே போடலயேம்மா. வாசனை சேர்த்த எதுவும் இவருக்கு ஆகாது. அது பூவுல எடுத்த வாசனையா இருந்தாலும் சரி.”

வீட்டுக்கு வந்து பார்த்தால் அடுப்பில் எண்ணெய்ப் பிசுக்கு அசையவே இல்லை. மனுஷன் மூச்சைப் பறிக்கத் தெரிந்த தண்ணிக்குப் பிசுக்கை எடுக்கத் தெரியவில்லையே.

அடுத்த வாரம் நாத்தனார் வீட்டில் அதே பாட்டிலுக்குக் கூட்டம். சட்டையில் இலைச் சின்னம் குத்திய விற்பனைக்காரன், தானே கொண்டுவந்த தட்டில் தானே பூசிய கறையைத் தானே துடைத்துக் காட்ட, பெண்கள் ஆஹா என்றார்கள். தையல்காரி நேராக அடுப்படிக்குப் போனாள். துணியில் அளவு போடும் சாக்குக்கட்டியால் நாத்தனாரின் பிசுக்கு அடுப்பில் மூன்று கட்டம் போட்டாள். ஒன்றில் வாசனை இல்லாத சோப்பைச் சீவிக் கரைத்த வெந்நீர். அடுத்ததில் சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினாள்.

“அண்ணி, மானத்தை வாங்காதீங்க.”

“உங்கண்ணன் மூச்சு போனப்ப நீ எங்கடி இருந்தே? தம்பி, இப்படி வாங்க. மூணாவது கட்டம் உங்களுது. தேய்ங்க.”

அவன் தேய்த்தான். நெற்றி வியர்த்தது. “கொஞ்சம் ஊறணும்க்கா.”

“ஊறட்டும். மூணும் சேர்ந்தே ஊறட்டும்.”

ஊறிய பிறகு ஈரத்துணியால் துடைத்தார்கள். சோடாக் கட்டத்தில் அடுப்பின் சொந்த நிறம் தெரிந்தது. சோப்புக் கட்டமும் முக்கால்வாசி வெளுத்தது. இலைக் கட்டத்தில் பிசுக்கு வாசனையோடு இருந்தது.

“சரி, இதுல என்ன கலந்திருக்கு?”

“அது கம்பெனி ரகசியம்க்கா.”

“எங்க வீட்டுக்காரர் நெஞ்சுக்குள்ள போறது உங்க கம்பெனிக்கு ரகசியமா?”

“இயற்கைன்னு போட்டிருக்கேக்கா.”

“விஷக் காளானும் இயற்கைதான். கூட்டு வச்சுத் தரவா, சாப்பிடுறீங்களா?”

ஒருத்தி சிரிக்க, கூட்டமே சிரித்துவிட்டது. அவன் அவசரமாகக் குனிந்து பெட்டியை எடுத்தான். நிமிரும்போது திறந்து கிடந்த அலமாரிக் கதவு நெற்றியில் இடித்தது. ஈரத்துணி வைத்து அழுத்தியதும் தையல்காரிதான். நாத்தனார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், அக்கம்பக்கத்தில் தான் கொடுத்திருந்த பாட்டில்களை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்கினாள்.

நேற்று மாடிப்படியில் இரண்டாம் மாடிக்காரர் அவளை மறித்தார். சட்டையில் செண்ட் கமகமத்தது.

“ஏம்மா, வாணலியாலயே போட்டுட்டீங்களாமே?”

“அடிக்கல. தேய்க்கச் சொன்னேன், உள்ள என்னன்னு கேட்டேன். ரெண்டும் அவனால ஆகல. மண்டையை இடிச்சுக்கிட்டது அவனேதான். நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இந்த செண்ட்டோட எங்க வீட்டு வாசப்பக்கம் வந்துடாதீங்க.”