பதிவேட்டில் இருந்த சூசையம்மாள்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில், எங்கள் ஊர் பங்கு அலுவலகத்தில் நின்றபடி, என் பெயர் என் பெயர் இல்லை என்று தெரிந்துகொண்டேன். இதைக் கொஞ்சம் பக்குவமாகச் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், முடியவில்லை. எனக்கு வந்த வேகத்தில்தான் உங்களுக்கும் வரும்.

கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க வேண்டியிருந்தது. இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பார்கள், அதுதான் ஓலை. பனைமரத்துக்கும் அதற்கும் இன்று ஒரு சம்பந்தமும் கிடையாது, கம்ப்யூட்டரில் அடித்த தாள்தான். அதற்கு என் திருமுழுக்குச் சான்றிதழ் வேண்டும், ஞானஸ்நானம் பெற்றதற்கான அத்தாட்சி. சென்னையில் ரயிலேறிக் கோவில்பட்டியில் இறங்கி, கிழக்கே போகிற பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி, பல் துலக்கிய கையோடு அலுவலகத்துக்குப் போனேன்.

புதிதாக வந்திருக்கும் பங்குத்தந்தைக்கு என்னைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம். அவரை நான் ஃபாதர் என்கிறேன். எழுபது தாண்டிய கன்னியரை சிஸ்டர் என்கிறேன். அவர்கள் தலைவி, வயதில் இளையவராக இருந்தாலும், மதர். வெளியூர்க்காரர் யாராவது ஒரு நாள் எங்களோடு இருந்து பார்த்தால், இந்தக் குடும்பத்தில் ஏதோ பெரிய குழப்பம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்.

ஃபாதர் பழைய பதிவேட்டைத் திறந்தார். அந்துருண்டையும் மெழுகும் கலந்த வாசனை. இந்த வாசனைக்குப் பக்கத்தில் போனாலே எனக்குப் பழைய சொற்கள் ஞாபகம் வரும். பூசை திருப்பலி ஆகி, பாவசங்கீர்த்தனம் ஒப்புரவு ஆகி, பிஷப்பான மேற்றிராணியார் ஆயர் ஆனதெல்லாம் நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே நடந்துவிட்டது. ஆனால் எங்கள் கரிசலுக்கு எதுவும் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேரும். எங்கள் தெருவில் இன்னமும் பூசைதான், சாமியார்தான்.

"உங்க பேர் இதுல இல்லையே" என்றார் ஃபாதர்.

"நல்லாப் பாருங்க ஃபாதர்."

"அப்பா பேரு சரி, அம்மா பேரு சரி, பொறந்த தேதி சரி. பொண்ணு பேரு மட்டும் சூசையம்மாள்னு இருக்கு."

அவர் விரல் அடுத்த கட்டத்துக்கு நகர்ந்து அங்கேயே நின்றது. ஞானஸ்நானம் கொடுத்த குருவின் பெயர் எழுத வேண்டிய கட்டம். அதில் நீல மையில் எழுதியிருந்தது: 'மரண ஆபத்தில். கெங்கம்மா, இந்து, ஆஸ்பத்திரி ஆயா.'

நான் நாற்காலியைத் தேடினேன். பின்னால்தான் இருந்திருக்கிறது, கண்ணில் படவில்லை. ஃபாதரே இழுத்துப் போட்டார்.

"இது செல்லுமா ஃபாதர்?"

"நூத்துக்கு நூறு செல்லும். சாகுற ஆபத்துல யாரு வேணா குடுக்கலாம். தண்ணி, அந்த வார்த்தை, குடுக்கணும்கிற எண்ணம், அவ்வளவு போதும்."

இது எனக்குத் தெரியாதது இல்லை. கோயிலில் நடத்துகிற மறைக்கல்வித் தேர்வில் மறைமாவட்ட அளவில் பரிசு வாங்கியவள் நான். 'ஆபத்து வேளையில் யார் திருமுழுக்கு அளிக்கலாம்?' என்ற கேள்விக்கு இதே பதிலை, அடிக்கோடு எல்லாம் போட்டு எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். என்னைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று யாருமே சொல்லவில்லை.

சூசம்மா. அந்தப் பெயரை எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒரே ஒரு வாய்தான் சொல்லியிருக்கிறது.

கெங்கக்கா என்றால் முதலில் டெட்டால் வாசனை. எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரி, இரண்டு அறையும் ஒரு வராந்தாவும். அங்கே ஆயா வேலை. புதூர்ப் பக்கத்து ஊர்க்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம். எண்ணெய் வழித்துச் சீவிய தலை, இடுப்பில் எந்நேரமும் ஒரு துண்டு. பள்ளிக்கூடம் விட்டு நான் அந்த வழியாக வந்தால் வராந்தாவிலிருந்து குரல் வரும். "ஏட்டி சூசம்மா!" நான் பையைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். என் பள்ளிக்கூடப் பெயர் அவ்வளவு நாகரிகமானது. அதில் இல்லாத ஆங்கில எழுத்து குறைவு. இந்தப் பெயர் எனக்கு எதற்கு?

"அவிய பிரியத்துல கூப்பிடுதாவ, கூப்பிட்டுட்டுப் போறாவ" என்பாள் அம்மா. அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

எங்கள் வீட்டில் என் பிறப்பைப் பற்றி ஒரு கதை உண்டு. மூச்சில்லாமல் பிறந்தேன், ஆஸ்பத்திரி சிஸ்டர் அவசர ஞானஸ்நானம் கொடுத்தார், பிழைத்தேன். பிறகு மூன்று மாதம் கழித்துக் கோயிலில் மற்ற சடங்குகளை முடித்தார்கள், அப்பாவின் அக்கா ஞானத்தாயாக நின்றார். இந்தக் கதையை நான் சும்மா விட்டுவைக்கவில்லை. ஒன்பது வயதில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கிய அன்று, வெள்ளை கவுனும் முக்காடுமாகக் கோயில் வாசலில் நின்று, தோழிகளைச் சுற்றி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நான் செத்தே போயிட்டேனாம். சிஸ்டர் தண்ணி ஊத்தவும் எந்திச்சு உக்காந்துட்டேனாம்!" உட்கார்ந்தது என் சொந்தச் சேர்க்கை.

நாலடி தள்ளி கெங்கக்கா நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கையில் கோவில்பட்டியிலிருந்து வாங்கிவந்த வெள்ளை ரிப்பன்.

"ஏட்டி சூசம்மா, இங்கன வா. ரிப்பன் கட்டிவிடுதேன்."

"சூசம்மாவா?" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். அவ்வளவுதான். "சூசம்மோவ், சூசம்மோவ்" என்று வாசல் முழுக்கச் சிரிப்பு.

நான் கத்தினேன். "எம்பேரு அது இல்ல! இன்னும ஒருக்கா அப்படிக் கூப்பிடாதீங்க! நீங்க எங்க கோயில் ஆளே கெடையாது!"

கெங்கக்கா என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்றார். ரிப்பனைச் சுருட்டி என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாளிலிருந்து என் பள்ளிக்கூடப் பெயரைச் சொன்னார். அதற்காக வீட்டில் சொல்லிப் பார்த்துப் பழகினார் என்று அவர் மகன் கேலி செய்தது ஞாபகம் இருக்கிறது. அன்று நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு நடந்து வரவில்லை, பாய்ந்துவந்தேன். அம்மா அடுப்படியில் மீனைச் செதில் போக உரசிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு யாரும்மா ஞானஸ்நானம் குடுத்தது?"

அம்மாவின் கை நின்றது. பின்பு மறுபடி உரசத் தொடங்கினாள். என்னை ஏறிட்டுப் பார்க்காமலேயே சொன்னாள்.

"நல்ல மழ. நீ நீலம் பாரிச்சுக் கெடந்த. சிஸ்டர் ஆக்சிஜன் வாங்க ஜீப்ப எடுத்துட்டுக் கோவில்பட்டிக்குப் போனாவ. திரும்பி வரைல கரிசல்ல சக்கரம் பொதஞ்சு போச்சு. சாமியாருக்கு ஆள் விட்டா அவரும் வர முடியல. உங்கப்பா பம்பாய்ல. நான் மயங்கிக் கெடக்கேன். கெங்கக்கா என்ன செய்வாவ? சிஸ்டர் ஆயாமாருக்கெல்லாம் அந்த வார்த்தயச் சொல்லிக் குடுத்து வச்சிருந்தாவ. ஊத்திட்டாவ."

"பெறகு ஏன் சிஸ்டர்னு சொன்னீய?"

"உங்க அத்த 'இந்து கையாலயா'ன்னு ஒரு வார்த்த கேட்டுட்டா என்ன செய்ய? கெங்கக்காட்ட கேட்டுட்டுத்தான் சொன்னேன். 'அதுக்கென்ன, சிஸ்டர்னே சொல்லுங்க, பிள்ள பொழச்சதுல்லா'ன்னுட்டாவ."

"பேரு?"

"சாமியார் அவியளக் கூப்பிட்டு விசாரிச்சு, அவிய வச்ச பேரத்தான் எழுதுனாரு. மாத்தணும்னா மேற்றிராணியாருக்கு எழுதிப் போடணும்னாரு. பெறகு பாத்துக்கிடலாம்னு விட்டாச்சு."

இருபத்தாறு வருடமாகப் பெறகு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்!

ஃபாதர் இரண்டு வழி சொல்லியிருந்தார். பெயரைத் திருத்த ஆயர் இல்லத்துக்கு மனுப் போடலாம், கொஞ்சம் நாளாகும். இல்லையென்றால் பதிவேட்டில் உள்ளபடியே இந்த ஞாயிறு ஓலை வாசிக்கலாம். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். நான் அன்று மதியமே புதியம்புத்தூருக்கு பஸ் ஏறினேன். மடத்து ஆஸ்பத்திரியை மூடிக் கன்னியர்கள் வேறு ஊருக்குப் போன பிறகு, கெங்கக்கா அங்கேதான் இருக்கிறார். மகன் ரெடிமேட் யூனிட் ஒன்றில் கட்டிங் மாஸ்டர்.

ஒரு நீள ஷெட். பத்து இருபது தையல் மிஷின்களின் இரைச்சல். சுவரோரம் குழந்தைகள் கவுன் மலையாகக் குவிந்திருந்தது, அதன் பக்கத்தில் உட்கார்ந்து சின்னக் கத்தரியால் நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, மடியில் கிடந்த நூலையெல்லாம் தட்டிவிட்டார்.

"வாங்கம்மா, எப்ப வந்தீய? அம்மா சௌக்கியமா?" என்று கேட்டு, என் பள்ளிக்கூடப் பெயரை முழுசாக, ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார்.

வாங்க. என்னைத் தூக்கி நிமிர்த்திய கை என்னை 'வாங்க' என்கிறது. பதிவேட்டுப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன், நீட்டினேன். தூரமாகப் பிடித்து, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"எம்பேர எழுதியா வச்சிருக்காரு அந்தச் சாமியாரு? சும்மா விசாரிக்காருன்னுல்லா நெனச்சேன்."

"எதுக்குக்கா சூசையம்மான்னு வச்சீய?"

"எதுத்த செவுத்துல சூசையப்பர் படம் தொங்கிச்சு. பேரு சொல்லி ஊத்தணும்னு சிஸ்டர் சொல்லிருக்காவ. பொம்பளப் பிள்ளயாச்சே, அப்பர அம்மாவாக்கிட்டேன்." சிரித்தார். "டீக்கு வச்ச வெந்நிதான் கெடந்துது. ஆத்தி, வெதுவெதுன்னு ஆக்கி ஊத்துனேன். சாகப்போற பிள்ளன்னாலும் குளுரக் கூடாதுல்லா."

"ஒங்களுக்கு அந்தச் சாமி மேல நம்பிக்க இருந்துச்சா?"

"எனக்கு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? உங்க அம்மைக்கு இருந்துச்சு. அவிய முழிச்சுக் கேப்பாவல்லா, குடுத்தீயளான்னு."

ஒன்பது வயதில் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை வீசினார், ஈ ஓட்டுவது மாதிரி. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எதையும் அதோடு விடத் தெரியாது.

"ஒரு தடவ அப்படிக் கூப்பிடுங்கக்கா."

கத்தரியைக் கீழே வைத்தார். வாயைத் திறந்தார். மூடினார். வெட்கம் மாதிரி ஒரு சிரிப்பு வந்தது.

"வர மாட்டேங்குதும்மா. கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாதுன்னு அத்தன வருசம் நாக்கக் கடிச்சுப் பழகிட்டேன்லா."

"ஏட்டின்னாவது..."

"அட, பெரிய வேலையில இருக்கீய. என்ன பேச்சு பேசுதீய!" என்று எனக்கு டீ சொல்ல மகனைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வர முடியாது, ஆர்டர் அனுப்பணும்.

பஸ் ஸ்டாண்டில் நின்றே ஃபாதருக்குப் போன் செய்து, உள்ளபடியே வாசிக்கச் சொல்லிவிட்டேன்.

ஞாயிறு திருப்பலி முடிவில் மைக்கில் ஓலை வாசித்தார்கள். அப்பா பெயர், அம்மா பெயர், பிறகு 'சூசையம்மாள்'. பெஞ்சுகளில் சலசலப்பு. எனக்குப் பின்னாலிருந்த அக்கா பக்கத்தில் இருப்பவளிடம் கேட்டாள்: "யாருட்டி அந்தச் சூசையம்மா?"

"நாந்தான்" என்று திரும்பிச் சொன்னேன், கையை வேறு தூக்கிவிட்டேன், வகுப்பில் வருகைப் பதிவுக்குத் தூக்குவது போல. தூக்கிய கை இறங்குவதற்குள் கெங்கக்காவின் அந்த ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வந்தது. எத்தனை சாயங்காலம் அங்கிருந்து கூப்பிட்டிருப்பார். ஒரு நாளாவது நின்று, "என்னக்கா?" என்று கேட்டதில்லை.