காலிக் கேரியர்

காவாந்தண்டலத்தில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு. ஆனால் எல்லாச் சைக்கிளுக்கும் ஒரு வேலை இருந்தது. ஒன்றில் பால் கேன் தொங்கும், ஒன்றில் புல்லுக்கட்டு, ஒன்றில் யூரியா மூட்டை, ஒன்றில் வாந்தியெடுக்கிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பெண்டாட்டி. பஞ்சாட்சரத்தின் பச்சை ராலே சைக்கிளுக்கு மட்டும் வேலையே கிடையாது. அதை ஓட்ட வேண்டும் என்பதற்காகவே அவர் ஓட்டினார்.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? எழுபதுகளின் கடைசி அது. ஏரித் தண்ணீரில் ரெண்டு காணி நெல் வைக்கிற, தலை நரைக்க ஆரம்பித்த மனுஷன். அறுப்பு முடிந்து களம் காலியானதும் தை மாசத்து வெயில் சுடாமல் முதுகைத் தடவிக்கொடுக்கும். வரப்பில் பனி காய்ந்திருக்காது. அப்போது அவருக்குக் கால் துறுதுறுக்கும். நாற்று நடவிலும் களையெடுப்பிலும் வருஷம் முழுக்க மண்ணுக்குள்ளேயே புதைந்து கிடந்த கால் அது. பெடலை ஒரு மிதி மிதித்து மறு காலைத் தூக்கிப் போட்டதும் தரையை விட்டு எழும்பும் பாருங்கள், அந்த ஒரு நொடிக்காக அவர் எதையும் கொடுப்பார். ஏரிக்கரைச் சரிவில் பிரேக் பிடிக்காமல் விட்டால் காற்று சட்டைக்குள் புகுந்து பின்பக்கம் பலூன் மாதிரி உப்பும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து ஹாண்டில்பாரிலிருந்து ரெண்டு கையையும் எடுத்துவிடுவார்.

கஷ்டமெல்லாம் ஊர் முனையில்தான். அங்கே தாமோதரனின் டீக்கடை. அதைத் தாண்டாமல் எந்தச் சைக்கிளும் வெளியே போக முடியாது.

“இன்னா பஞ்சாச்சரம், எங்க?”

“சும்மா” என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. வேலைவெட்டி இல்லாதவன் சொல்கிற வார்த்தை அது. முதலில் ஒரு காலிச் சாக்கைக் கேரியரில் கட்டிக்கொண்டு, “உரம் வாங்கியாரப் போறேன்” என்றார். சாயங்காலம் தாமோதரன் விடவில்லை. “சாக்கு போன மாதிரியே திரும்பி வருதே, உரம் எங்க?” ஆடு பார்க்கப் போகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த வாரமே நாலு பேர் ஆடு விலை கேட்டார்கள். எதைச் சொன்னாலும் அதற்கு ஒரு மிச்சம் இருந்தது; திரும்பி வரும்போது அதைக் காட்ட வேண்டியிருந்தது.

ஒரு நாள் வாய் தவறி, “ஒரு சாவுக்கு” என்றார்.

தாமோதரனின் முகம் இறங்கியது. “அடடா. போயிட்டு வா, போயிட்டு வா.” அவ்வளவுதான். மேலே ஒரு கேள்வி இல்லை. சாவுக்குப் போனவன் எதையும் கொண்டுவர வேண்டியதில்லை, எத்தனை நேரம் கழித்தும் வரலாம். வீட்டில் சுலோச்சனாவும் அப்படியே நம்பினாள். சாவு வீட்டிலிருந்து வருகிறவர் வாசல் வழியாக நுழையக் கூடாது இல்லையா? அவர் பின்பக்கம் சுற்றி வருவதற்குள் தோட்டத்தில் வெந்நீர் தயாராக இருக்கும். தீட்டுத் தண்ணீரை அவளே மொண்டு ஊற்றுவாள். “பாவம், எம்மாம் தூரம் மெதிச்சிக்கினு போயிட்டு வரீங்க” என்று முதுகு தேய்ப்பாள். அந்தச் சுகமான வெந்நீர் தலையில் விழும்போதெல்லாம் பஞ்சாட்சரம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். சோப்பு நுரைக்காக இல்லை.

அப்படியே ரெண்டு மூன்று பனிக்காலம் ஓடிற்று. பேர் தெரியாத எத்தனையோ தூரத்துப் பங்காளிகளை அவர் மேலோகத்துக்கு அனுப்பிவைத்தார்.

அந்த மாசிக் காலையில் வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. டீக்கடை முன்னால் தாமோதரன் குறுக்கே வந்து ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான்.

“இன்னிக்கும் சாவா? எந்தூர்ல?”

“பளையசீவரம்.”

“அது என் மாமியா ஊராச்சே! எனக்குத் தெரியாம அங்க யாருபா பூட்டது?”

பஞ்சாட்சரத்துக்கு வேர்த்தது. ஏதோ ஒரு பேர் சொல்லித் தொலைத்தால் போதும் என்று, “வேதகிரின்னு ஒருத்தரு…” என்று இழுத்தார்.

“அய்யய்யோ! மாட்டுத் தரகரா? வேதகிரி மாமாவா?”

இல்லை, இது வேறே வேதகிரி என்று சொல்லியிருக்கலாம். ஒரு மூச்சு நேரம் இருந்தது. ஆனால் ஒரு கால் ஏற்கெனவே பெடலில் இருந்தது, ரோடு எதிரே நீளமாகக் கிடந்தது. “ம்” என்றார். மிதித்துவிட்டார்.

அந்த ‘ம்’ ஊருக்குள் எப்படி ஓடியது என்று அவருக்குத் தெரியாது. காவாந்தண்டலத்தில் ஏர் பூட்டிய மாடுகளில் பாதி வேதகிரி வாங்கிக் கொடுத்தவை. பஞ்சாட்சரத்தின் சொந்த ஜோடியே அவர் கையால் வந்ததுதான். கடனுக்குப் பேசி முடித்தவர், நோஞ்சான் மாட்டை யார் தலையிலும் கட்டாதவர். மாலை வாங்க ஆள் ஓடியது, புதுத் துணி எடுத்தார்கள், ரெண்டு மாட்டு வண்டி பூட்டினார்கள். பெண்களோடு சுலோச்சனாவும் ஏறினாள். “பேரக் கூட சொல்லாம பூட்டாரு பாரேன். துக்கம் தொண்டைய அடைச்சிருக்கும்” என்று அவருக்காக வேறு அழுதாள்.

பஞ்சாட்சரமோ பாலாற்று மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்து, நடுவில் ஓடுகிற நூல் தண்ணீரில் கால் நனைத்து, பழையசீவரத்துக் கரையில் புங்கமரத்தடியில் படுத்திருந்தார். எதிரே மலைக்கோயில் வெயிலில் பளிச்சென்று நின்றது. மடியில் வறுத்த வேர்க்கடலை. சட்டையைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டார். இப்படி ஒரு நாளைக் கொடுத்த சாமிக்கு நன்றி சொல்லிக்கொண்டே தூங்கிப்போனார்.

ஒப்பாரிச் சத்தத்தில்தான் கண் விழித்தார். ஆற்று மணலில் ரெண்டு வண்டி ஏறி வந்துகொண்டிருந்தது. குரல்கள் எல்லாம் தெரிந்த குரல்கள்.

“தோ பாருங்க, இவரு எப்பிடி ஒடஞ்சி போயி மண்ல கெடக்கறாரு!” என்று சுலோச்சனா வண்டியிலிருந்து குதித்து ஓடிவந்தாள். கடலைத் தோலை அவள் பார்க்கவில்லை. தாமோதரன் தோளைப் பிடித்துத் தூக்கினான். “எந்திரி நைனா. மனச தேத்திக்க.”

அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? சட்டையை உதறி மாட்டிக்கொண்டார். இழுத்துக்கொண்டு போனார்கள்.

வேதகிரி தன் வீட்டு வாசலில் ஒரு காளையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பாரி தெருவில் திரும்பியதும், மாட்டின் வாயை விடாமலேயே தலையைத் திருப்பினார்.

“யாரும்மா பூட்டது? எங்க வூட்டாண்ட வந்து அய்வுறீங்க?”

ஒப்பாரி அறுந்தது. மாலை ஒருத்தன் கையிலிருந்து நழுவிற்று. சமையல்கட்டிலிருந்து ஓடிவந்த அவர் சம்சாரம் செல்லாயி மாலையைப் பார்த்தாள், புதுத் துணியைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். அவள் கைகள் ரெண்டும் தானாகவே கழுத்துத் தாலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

“எவன் சொன்னான்?” என்றாள்.

எல்லாத் தலையும் பஞ்சாட்சரத்தின் பக்கம் திரும்பியது.

“நா… சும்மா… சைக்கிள் வுட்டுக்கினு வந்தேன்” என்றார். ஒரு பனிக்காலத்திலும் வாயில் வராத வார்த்தை அன்றைக்குத்தான் வந்தது.

“இன்னாது?”

“கிளைமேட் நல்லா இருந்திச்சி. அதான்.”

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லாயி சிரிக்கவில்லை. கிட்டே வந்தாள். “என் தாலி மேல சைக்கிள் வுட்டியாடா, பாவி?” என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

வேதகிரிதான் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு எல்லாருக்கும் மோர் கொடுக்க வைத்தார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார், அவருக்குக் கண் கலங்கியிருந்தது. “பரவால்லப்பா. நான் செத்தா ரெண்டு வண்டி வரும்னு உசுரோட பாத்துட்டேன்.”

திரும்பும்போது பஞ்சாட்சரம் சைக்கிளில் ஏறவே இல்லை. வண்டிக்குப் பின்னால் ஊர் வரைக்கும் தள்ளிக்கொண்டே நடந்தார். சுலோச்சனா அவரைப் பார்க்காமல் வண்டியில் முன்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் அவர் வீட்டுப் பின்பக்கம் போனார். அடுப்பு அணைந்து கிடந்தது.

“அப்போ மத்தவங்க?” என்று கதவுக்கு உள்ளேயிருந்து கேட்டாள்.

“யாரும் சாவல.”

“அப்ப இத்தினி நாளா நான் ஊத்துன தண்ணி?”

இருட்டும் வரை தோட்டத்திலேயே நின்றார்.

ஊர் விடுமா? “மாமோவ், இன்னிக்கி யாரு? எங்க மாமியா பேரையும் சேத்துக்க, டீ வாங்கித் தரேன்!” என்பார்கள். அவர் தெருவில் வந்தால், “நான் நல்லா கீறேன்பா, என்னெ வுட்டுடு” என்று கும்பிடுவார்கள். பச்சைச் சைக்கிளுக்குச் சாவு சைக்கிள் என்றே பேர் வந்துவிட்டது. அவர் அதை மாட்டுக்கொட்டகையில் சாய்த்தார். டயர் தரையோடு அமுங்கியது, பாரில் கோழிகள் அடைந்தன. பனிக்காலம் வந்தால் அவர் வானத்தைப் பார்க்காமல் குனிந்து நடந்தார்.

இடையில் ஒரு முறை மாடு பேச வந்த வேதகிரி அவரைத் தேடிப்பிடித்தார். “என்னெ சாவடிச்சியே, உசுரோட கீறனா பூட்டனான்னு ஒரு வாட்டி வந்து பாக்க மாட்ட? வா நைனா, சைக்கிள்லயே வா.” வருகிறேன் என்றார் பஞ்சாட்சரம். போகவில்லை. செல்லாயியின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

நாலைந்து வருஷம் கழித்து, அதே மாதிரி கழுவிவிட்ட ஒரு மாசிக் காலையில், ஆவடியில் வேலை பார்க்கிற வேதகிரியின் தம்பி மகன் டீக்கடை முன்னால் வந்து இறங்கினான். இங்கே யாருக்கும் அவன் முகம் தெரியாது. “வேதகிரி பெரியப்பா பூட்டாருங்க. உங்க ஊர்ல சொல்லச் சொன்னாங்க” என்றான்.

கடை முழுக்கச் சிரிப்பு.

“உன்ன யாருபா செட்டப் பண்ணது? பஞ்சாச்சரமா?” என்றான் தாமோதரன். “சாவு டிபார்ட்மெண்ட் கடசி வூட்ல கீது. அங்க போயி சொல்லு.”

அழுது வீங்கிய கண்ணோடு அவன் பஞ்சாட்சரத்தின் வீட்டுக்கு வந்து சாவையும் கடையில் சிரித்ததையும் சொன்னான். “எங்க பெரியப்பா சாவுக்கு ஏன் சார் சிரிக்கறாங்க?”

பஞ்சாட்சரம் டீக்கடைக்கு ஓடினார். “நெசமா பூட்டாரு. தாமோதரா, நெசம்பா. வண்டிய பூட்டச் சொல்லு.”

“மொதல்ல ஆள அனுப்பி மூக்குல வெரல வெச்சிப் பாக்கச் சொல்றோம், அப்பறம் மாலை வாங்கறோம்” என்றான் ஒருத்தன். மறுபடி சிரிப்பு. ரெண்டு வண்டி வரும் என்று கண் கலங்கிச் சொன்ன மனுஷன் அங்கே கிடக்கிறார். வரவேண்டிய வண்டியை மறித்துக்கொண்டு தான்தான் நிற்கிறோம் என்று பஞ்சாட்சரத்துக்குப் புரிந்தது. அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

கொட்டகைக்கு வந்து கோழிகளை விரட்டினார். காற்று அடித்தார். இவ்வளவையும் சுலோச்சனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய்த் தலைமுடியை அவிழ்த்துவிட்டு வந்தாள். கேரியரில் இன்னும் கட்டியிருந்த அந்தக் காலிச் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தாள்.

“நட” என்றாள்.

டீக்கடையைத் தாண்டும்போது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவர் பொய்யில் அதிகம் நனைந்தவள் அவள்தான் என்று ஊருக்கே தெரியும். அவளே தலைவிரிகோலமாக அந்தச் சைக்கிளில் போகிறாள் என்றால்? தாமோதரன் கையிலிருந்த டீயைக் கீழே ஊற்றினான். “டேய், வண்டிய பூட்டுங்கடா” என்ற குரல் பின்னால் கேட்டது.

ஏரிக்கரை வந்தது. வெயில் முதுகைத் தடவிற்று. அத்தனை வருஷம் கழித்தும் கால் தானாக மிதித்தது, காற்று சட்டைக்குள் புகுந்தது, உடம்பு பூராவும் ஜிலீரென்று ஒரு சந்தோஷம் ஓடியது. சாவுக்குப் போகிற வழியில்! அவருக்குத் தன்மேலேயே அருவருப்பாக வந்தது. சரிவில் பிரேக்கை இறுக்கிப் பிடித்து மெதுவாக இறங்கினார்.

“நல்லாதான் கீது இந்த ரோடு” என்றாள் சுலோச்சனா பின்னாலிருந்து.

சரிவு முடிந்ததும் அவர் பிரேக்கை விட்டார்.

“ஒரு வாட்டி என்னெ இட்டுக்கினு வந்திருக்கலாம். பொண்டாட்டிய உக்கார வெச்சிக்கினு போறவன எவன் நிறுத்தி எங்கன்னு கேக்கப் போறான்?”

இந்த நினைப்பு ஒரு நாளும் தனக்கு வந்ததில்லையே! அவர் கேரியரில் காலிச் சாக்கை வைத்தார், உரத்தை வைத்தார், செத்தவர்களை வைத்தார். இவளை வைக்கவில்லை. தோட்டத்தில் இவள் தண்ணீர் சுட வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் இந்தக் காற்றை அவர் தனியாகவே தின்று தீர்த்திருக்கிறார். கண் மறைத்தது, ரோடு கலங்கித் தெரிந்தது.

எதிரே கரும்புக்கட்டோடு வந்த வெளியூர்க்காரர் ஒருத்தர் ஓரம் ஒதுங்கினார். “எங்க, புருசனும் பொஞ்சாதியும்?”

பஞ்சாட்சரம் வாயைத் திறந்தார்.

“சாவுக்கு” என்றாள் சுலோச்சனா.

அந்த ஆள் மறு பேச்சில்லாமல் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பஞ்சாட்சரம் தலையைக் குனிந்துகொண்டு மிதித்தார். காற்று அப்போதும் நன்றாகத்தான் இருந்தது.