இரண்டு பேருக்கும் நடுவில் விமலா

பாசிமணித் திரை சலசலக்கும் சத்தம்தான் முதலில் ஞாபகம் வருகிறது...

பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவில் அந்தத் திரை தொங்கும். இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் என் மனைவி. போய் வருகிறவள் எங்கள் ஒரே மகள் விமலா. அவள் கல்யாணமாகிப் போகும்வரை பல வருடம் நானும் என் மனைவியும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதில்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். கிள்ளானில் என் மச்சான் கல்யாணம். குடும்பப் போட்டோ எடுத்தபோது என்னை யாரும் கூப்பிடவில்லை. மண்டப வாசலில் வைத்து மனைவியிடம் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன்.

"போட்டோவுல நிக்காட்டி செத்தா போயிடுவீங்க?" என்றாள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவளும் நிறுத்தினாள். விமலாவுக்கு அப்போது பத்து வயது.

அதற்குப் பிறகு எல்லாம் "உங்கம்மாகிட்ட சொல்லு", "உங்கப்பாகிட்ட கேளு"தான்.

நான் தண்டவாள வேலை செய்தவன். பள்ளிக்கூடம் போனதில்லை, சம்பளத்துக்குக் கைநாட்டு. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல கீழ்வீட்டு வாத்தியார்தான் எழுதுகிறார். எழுதி வைக்கத் தெரியாததாலோ என்னவோ, காதில் விழுந்தது எதுவும் எனக்கு மறப்பதில்லை.

ஒரு நாள் நெத்திலி சம்பலில் உப்பு கூடிவிட்டது. "உங்கம்மாகிட்ட சொல்லு, இதை நாய்கூடத் திங்காது" என்றேன்.

விமலா உள்ளே போனாள். பலகைச் சுவர், எல்லாம் கேட்கும்.

"அம்மா, சம்பல் நல்லாருக்காம். உப்பு மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணலாம்னு அப்பா சொல்றாரு."

"நாக்கு நீளம் லா அந்த ஆளுக்கு. வேணும்னா கடையில போய் கொட்டிக்கச் சொல்லு."

திரை சலசலத்தது. "அப்பா, முட்டை பொரிக்கவான்னு அம்மா கேக்குறாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. கெட்டிக்காரப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு முட்டையைச் சாப்பிட்டேன்.

நான் வேலை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றிப் போடுகிற விதத்திலேயே அன்றைக்கு என் குணம் எப்படி என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அம்மா சட்டி வைக்கிற சத்தத்தில் அந்தப் பக்கத்துக் கோபம் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சண்டை போட்டால் டீச்சர் இவளைத்தான் கூப்பிடுவாராம். "இந்த வயசுல என்னா பக்குவம்! நல்லா வளர்த்திருக்கீங்கண்ணே" என்று கோட்டர்ஸ் முழுக்கச் சொல்வார்கள். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அந்தப் பிள்ளை எதற்கு அழுவாள் என்று யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. அழுது நான் பார்த்ததே இல்லை...

எஸ்.பி.எம். பரீட்சை எழுதிப் பள்ளிக்கூடம் முடித்த வருடம், தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பப் பாரம் வாங்கி வந்தாள். தனக்கென்று அவள் கேட்ட முதல் விஷயம் அதுதான். வெளியூரில் மூன்று வருடம் ஹாஸ்டல். என் கைநாட்டு வேண்டும்.

"அப்பா, நான் போகட்டுமா?"

எனக்குச் சம்மதம்தான். வாயில் வந்தது வேறு. "உங்கம்மா என்ன சொல்றா, கேளு."

உள்ளே போனாள்.

"என்னை ஏன் கேக்குற? உங்கப்பாதானே பெரிய ஆளு, அவரே சொல்லட்டும்."

திரும்பி வந்தாள். "அவ வந்து என்கிட்ட கேக்கட்டும். அப்புறம் கைநாட்டு வைக்கிறேன்" என்றேன்.

அன்று மட்டும் விமலா எதையும் மாற்றவில்லை. நான் சொன்னதை அப்படியே போய்ச் சொன்னாள்.

"ஏழு வருசமா கேக்காதவ இப்ப கேப்பேனா? முடியாதுன்னு சொல்லு."

விமலா திரைக்கு நடுவிலேயே நின்றுவிட்டாள். மணிச்சரமெல்லாம் தோளில் கிடந்தது. என்னைப் பார்த்தாள். உள்ளே பார்த்தாள். நான் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தேன்.

பாரம் அனுப்ப ஒரு வாரம் இருந்தது. மனைவி வெளியே வருவாள் என்று நான் காத்திருந்தேன். நான் உள்ளே வருவேன் என்று அவளும் காத்திருந்திருப்பாள்.

கடைசி நாள் காலையில் விமலா என்னிடம் வந்தாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு அம்மா சொல்றாங்கப்பா."

பிறகு அடுப்படிக்குப் போனாள். "அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு அப்பா சொல்றாரும்மா."

அவள் அம்மா அப்படிச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை என்று அவள் அம்மாவுக்கும் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வருடம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் ஒரு ஆபீசில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் போய்விட்டாள்.

இப்போது நாங்கள் இரண்டு பேரும் கிள்ளானில், ஃபிளாட் வீட்டில். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தோம். மாத்திரை, கேஸ், கதவைப் பூட்டியாச்சா... அவ்வளவுதான். விமலாவுக்குப் பங்சாரில் ஒரு ஆபீசில் எச்.ஆர். வேலை. அங்கே யாருக்காவது யாரோடாவது ஆகவில்லை என்றால் அவளிடம்தான் அனுப்புகிறார்களாம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மனசு கஷ்டம் என்றால் பள்ளியிலேயே கவுன்சலிங் டீச்சர் இருக்கிறார். அன்று எங்கள் வீட்டுக் கவுன்சலிங் டீச்சருக்குப் பத்து வயது.

போன மாதம் பாசாரில் பழைய கோட்டர்ஸ்காரர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டார். "விமலா புருசனை விட்டுட்டுத் தனியா இருக்காமே... ரெண்டு வருசமாச்சாமே. மனசு கஷ்டமா போச்சுண்ணே."

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்து போன் போட்டேன்.

"ரெண்டு வருசமா ஏம்மா எங்ககிட்ட சொல்லலே?"

கட் ஆகிவிட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

"உங்க ரெண்டு பேர்ல யார்கிட்ட முதல்ல சொல்றதுன்னு தெரியலப்பா."

உடனே குரலை மாற்றிக்கொண்டாள். "நான் ஓகே லா. நீங்க சாப்டீங்களா?"

என்னைத் திட்டு மகளே என்று வாய் வரை வந்தது. "சாப்டேம்மா" என்றேன். இன்னும் சாப்பிடவில்லை.

கொஞ்ச நேரத்தில் அடுப்படியில் மனைவியின் போன் அடித்தது. "ம்... ம்..." என்று மட்டும் கேட்டது. பிறகு அவள் வெளியே வந்து எனக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

விமலா என்ன சொன்னாள் என்று நான் அவளைக் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை.