எட்னாவுக்குப் பிறகு ஒரு பாம்பு

கிரிம்ஸ்பி துறைமுகத்துக்குப் பின்னால் இருந்த மீன் ஆலையில் பதினான்கு வருடம் மர்லீனும் நானும் எதிரெதிரே நின்று மீன் அறுத்தோம். அவள் கத்தி காட் மீனின் முதுகெலும்பை ஒட்டிப் போகும்போது சத்தமே வராது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆனாலும் எங்களுக்குள் மரியாதை எல்லாம் கிடையாது. நான் அவளைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். அவள் ஊரில் எல்லாரையும் கூப்பிடுவதுபோல என்னையும் "கண்ணு" என்பாள். கோபம் வந்தால் மட்டும் "ஜில்" என்று என் பெயர் வரும்.

அவள் கணவர் டெரிக் ஐஸ் ஆலையில் வேலை பார்த்தார். கல்யாணமான எட்டாவது வருடம் ஒரு சனிக்கிழமை தலையணை உறைக்குள் எதையோ போட்டு முடிச்சுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தார். விஷமில்லாத, இரையைச் சுற்றி நெரிக்கும் போவா இனத்துப் பாம்புக்குட்டி. அதற்கு எட்னா என்று பெயர் வைத்தார். எட்னா என்பது மர்லீனுடைய அம்மாவின் பெயர்.

"அப்படியே உங்கம்மாதான். ஒரு தடவ வயிறு நிறைஞ்சா பத்து நாளைக்குப் பேச்சே இருக்காது" என்றாராம்.

மர்லீன் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. உண்மையான எட்னாவோ வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறாள். அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாம்பின் பெயருக்குத் தனியாக ஒரு வாழ்த்து அட்டை அனுப்பினாள். அதன் பிறகு சாகும்வரை ஒவ்வொரு வருடமும் அனுப்பினாள்.

மர்லீன் பாம்பை வெறுக்கவில்லை, கொஞ்சவும் இல்லை. உறைந்த எலியை வெந்நீரில் போட்டு இளக்கி வைப்பது மட்டும் அவள் வேலை. மற்றதெல்லாம் டெரிக் பார்த்தார். குழந்தை இல்லாத வீடு. மாலையில் அவர் கால்பந்து பார்க்கும்போது எட்னா சோபாவின் முதுகில் நீளமாகப் படுத்திருக்கும். ஏழடி நீளத்துக்கு வளர்ந்துவிட்டது. பதினெட்டு வருடம் அப்படி ஓடியது.

டெரிக் ஒரு செவ்வாய்க்கிழமை வேலைக்கு நடுவில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் அவருடைய தம்பி வந்து பாம்பை விற்றுத் தருவதாகச் சொன்னான். மர்லீன் வேண்டாம் என்றாள். ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பாம்பு இருந்த பெட்டியைச் சுத்தம் செய்யவேண்டிய நாள் வந்தபோதுதான் முதல் முறையாக எட்னாவை இரண்டு கையாலும் தூக்கினாள். அது அவள் கை வழியாக ஏறி, பின்கழுத்தில் குறுக்கே படுத்துக்கொண்டது.

மறுநாள் தேநீர் இடைவேளையில், என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அவர் தோள்ல கை போட்ட மாதிரி இருந்துச்சு கண்ணு. அதே கனம்."

அதிலிருந்து அவள் எட்னாவோடு பேச ஆரம்பித்தாள். ஆலையில் நடந்தது, மழை, யார் யாரோடு சண்டை என்று எல்லாவற்றையும் சொல்வாள். இரண்டு வருடம் கழித்து ஒரு குளிர்காலத்தில், எட்னா துணை இல்லாமல் வாடிப் போகிறது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. எனக்குப் பாம்பைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் பாம்புக்கு எதற்குத் துணை என்று கேட்டேன்.

"உனக்கு வீட்டுல நாலு பேரு இருக்காங்க. நீ கேப்ப" என்றாள்.

 அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அதனால் நான்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடைத்தெருவின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒருத்தன் வேனின் பின்கதவைத் திறந்து வைத்து, பிளாஸ்டிக் பெட்டிகளில் பாம்பு விற்றுக்கொண்டிருந்தான். நல்ல சிரித்த முகம். ஒரு இளம் போவாவை எடுத்து மர்லீனின் கையில் வைத்தான். எங்கே பிறந்தது என்று அவள் கேட்டதற்கு, தன் வீட்டிலேயே பிறந்தது என்றான். அவன் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பெட்டி இருக்கிறதா, வீட்டில் வேறு பாம்பு இருக்கிறதா, இதற்கு முன் வளர்த்திருக்கிறீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. எவ்வளவு தங்கமான ஆள் என்று பேசிக்கொண்டே திரும்பி வந்தோம்.

புதிய பாம்புக்கு வாங்கியிருந்த பெட்டியில் சூட்டு விளக்கு எரியவில்லை. பிப்ரவரி மாதம், ஜன்னலில் பனி. விளக்கு வரும்வரை இரண்டு நாளைக்கு மட்டும் என்று அதை எட்னாவின் பெட்டிக்குள்ளேயே விட்டாள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று சுருண்டு படுத்தன. அதைப் பார்த்து அவளுக்குப் பிரிக்க மனம் வரவில்லை. படம் எடுத்து ஆலையில் எல்லாரிடமும் காட்டினாள். டெரிக் போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு மாதம்தான்.

ஏப்ரலில் சின்னது தின்ற எலியைக் கக்கியது. மே மாதம் செத்தது. ஜூனில் எட்னா தலையை மேலே தூக்கி, கூரையைப் பார்த்தபடியே இருக்க ஆரம்பித்தது. மல்லாக்கப் புரண்டால் திரும்பிப் படுக்கத் தெரியவில்லை. வெள்ளை வயிறு மேலே தெரிய, வாலை மட்டும் அசைத்துக்கொண்டு அப்படியே கிடக்கும். மர்லீன் அதைத் திருப்பி விடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி புரளும். மறுபடி திருப்புவாள். ஆலைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க இதையே செய்துகொண்டிருந்தாள்.

கால்நடை டாக்டர் ஒரு இளம் பெண். இரத்தம் எடுத்து அனுப்பினாள். முடிவு வந்ததும் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னாள். போவாக்களுக்கு வரும் தொற்று, மருந்து கிடையாது. சில பாம்புகள் வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் அதைச் சுமந்துகொண்டிருக்கும். கடைசியாக, புதியது வந்தபோது அதைத் தனியாக வைத்திருந்தீர்களா என்று கேட்டாள்.

மர்லீன் "இல்ல" என்றாள். டாக்டர் குறிப்பில் எழுதிக்கொண்டாள். 

வலியில்லாமல் உயிர் போக ஊசி போட்டபோது எட்னாவின் தலை மர்லீனின் உள்ளங்கையில் இருந்தது. காரில் வரும்போது சொன்னாள்: "டெரிக்கத் தொட்டப்போ கை சில்லுன்னு இருந்துச்சு. போயிட்டார்னு தெரிஞ்சுது. இவ எப்பவுமே சில்லுன்னுதானே இருப்பா. எப்போ உசுரு போச்சுன்னே எனக்குத் தெரியல."

எட்னா இருந்த மரப்பெட்டியிலிருந்து கிருமி போகாது என்று டாக்டர் சொல்லியிருந்தாள். டெரிக் கையால் செய்த பெட்டி அது. கொல்லையில் வைத்துக் கொளுத்தினோம். வேன்காரனின் எண்ணுக்குப் பத்து முறையாவது அடித்துப் பார்த்தேன். அது உபயோகத்திலேயே இல்லை.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் மர்லீன் வேலைக்கு வந்தாள், அறுத்தாள், போனாள். இடைவேளையில் என் பக்கத்தில்தான் உட்காருவாள், பேசமாட்டாள். திடீரென்று ஒரு நாள், தனக்கு ஒரு பாம்பு வேண்டும் என்றாள்.

"இந்தத் தடவ ஒழுங்கா" என்றும் சொன்னாள்.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கேள்விகள் எழுதி வைத்திருந்தாள். எங்கே பிறந்தது, தாயைப் பார்க்க முடியுமா, இதுவரை எத்தனை முறை தின்றிருக்கிறது, புதிய பாம்பை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பீர்கள், நோய் வந்தால் என்ன செய்வீர்கள். அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டு பாம்புக் கண்காட்சி நடந்த ஊர்களுக்கெல்லாம் என் காரில் போனோம். மேசைக்கு மேசை நின்று படித்தாள். சிலர் பொறுமையாகப் பதில் சொன்னார்கள், சிலர் அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பினார்கள். ஒருத்தர், பாம்பு வாங்க வந்தீர்களா, என்னைக் கைது செய்ய வந்தீர்களா என்று கேட்டார்.

எந்தப் பாம்பு என்பது அடுத்த குழப்பம். போவாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்துபோலச் சுருளும் மலைப்பாம்பு அழகாக இருந்தது. ஆனால் அது முப்பது வருடம் இருக்கும் என்றார்கள். "எனக்குத் தொண்ணூறு ஆயிருக்கும். யாரு பாப்பா?" என்று கீழே வைத்துவிட்டாள். சோளப் பாம்பு கைக்குக் கை ஓடியது. மூட்டு வலி உள்ள விரல்களுக்கு அது சரிப்படவில்லை. கடைசியில் மூக்கு நிமிர்ந்த ஒரு சின்னப் பாம்பு அவளுக்குப் பிடித்துப் போனது. முகத்தைப் பார்த்தாலே சிரிப்பு வரும் பாம்பு. அதை வளர்த்துக் குட்டி விற்பவர்களில் யார் நல்லவர் என்று விசாரித்ததில், மூன்று பேர் ஒரே பெயரைச் சொன்னார்கள்: லௌத் ஊருக்கு வெளியே இருக்கும் ட்ரெவர் ப்ளைத்.

ரயில்வேயில் சிக்னல் பார்த்து ஓய்வு பெற்றவர். தொலைபேசியில் முக்கால் மணி நேரம் அவளையே கேள்வி கேட்டார். அவள் நோட்டைத் திறக்கவே வேலையில்லாமல் போயிற்று. ஜனவரியில் போனோம். பாம்பு வளர்க்கும் கொட்டகை வாசலில் கிருமிநாசினித் தட்டில் காலை நனைத்து, கையைக் கழுவிய பிறகுதான் உள்ளே விட்டார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை, பிறந்த நாளிலிருந்து தின்ற ஒவ்வொரு எலியும் அதில் இருந்தது.

மர்லீன் கேட்ட பாம்பை எடுத்து மேசைமேல் விட்டார். அது புஸ்ஸென்று சீறியது, கழுத்தைத் தட்டையாக்கியது. நாங்கள் அசையாமல் நின்றோம். உடனே அது வாயைப் பிளந்து, நாக்கைத் தொங்கவிட்டு, மல்லாக்கப் புரண்டுவிட்டது. வெள்ளை வயிறு மேலே.

"பயப்படாதீங்க, நடிக்குது. செத்த மாதிரி கெடந்தா விட்டுடுவாங்கன்னு அதுக்கு நெனப்பு" என்றார் ட்ரெவர் சிரித்துக்கொண்டே.

மர்லீன் கையை நீட்டி அதைத் திருப்பி விட்டாள். அது மறுபடி புரண்டது. மறுபடி திருப்பினாள். மூன்றாவது முறையும் அவள் திருப்பியதைப் பார்த்து ட்ரெவர் சிரிப்பதை நிறுத்தினார். அவள் கதவைத் திறந்து வெளியே போய், சேற்றில் நின்றாள்.

நாங்கள் பின்னால் போனோம். அவரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். வேன், சூட்டு விளக்கு, இரண்டு நாள் ஒரு மாதமானது, டாக்டர் கேட்ட கேள்வி. முடிவில், "நான்தான் அவளைக் கொன்னேன்" என்றாள். என்னிடம்கூட அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

அப்படியெல்லாம் இல்லை என்று அவர் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"தனியா வெச்சிருந்தா பொழச்சிருக்கும். அது உங்களுக்கே தெரியும். நான் இல்லன்னு சொன்னா நீங்க நம்பவும் மாட்டீங்க" என்றார். பிறகு, "ஆனா இன்னிக்கு உங்களுக்கு நான் பாம்பு தரமாட்டேன். நீங்க பாம்பு வாங்க வரல. யாராவது திட்டட்டும்னு வந்திருக்கீங்க. வீட்டுக்குப் போங்க. நாலு மாசம் கழிச்சும் வேணும்னு தோணிச்சுன்னா கூப்பிடுங்க. இந்த நடிக்கிற பாம்பு மட்டும் உங்களுக்கு வேண்டாம்" என்றார்.

காரில் ஏறியதும் மர்லீன் அழுதாள். டெரிக் செத்தபோது அழாத அழுகை. லௌத்திலிருந்து கிரிம்ஸ்பி வரை அழுதாள்.  அந்த வண்டி நிறுத்துமிடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனவள் நான்.

மே மாதம் அவளே அவரைக் கூப்பிட்டாள். அவர் எடுத்து வைத்திருந்தது ஆப்பிரிக்க வீட்டுப் பாம்பு என்ற வகை. ஒரு வயது ஆண், விரல் தடிமன், வெறும் பழுப்பு நிறம். கண் வழியாக மட்டும் வெளிறிய ஒரு கோடு. பதினைந்து வருடம் இருக்கும், நடிக்காது, தின்னும், தூங்கும், அவ்வளவுதான் என்றார். உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பார்கள் என்று கேட்டு, அவள் பதில் தேடும்போது பேனாவோடு காத்திருந்தார். நான் என் பெயரை எழுதச் சொன்னேன். எனக்குப் பாம்பென்றால் இன்றைக்கும் பயம்தான்.

வீட்டில் வேறு பாம்பு இல்லாததால் ஒதுக்கி வைக்கத் தேவையில்லை என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். மர்லீன் கேட்கவில்லை. மாடி அறையில் தனியாக வைத்து, தொண்ணூறு நாள், உள்ளே போகும்போதும் வரும்போதும் முழங்கைவரை கை கழுவினாள். காலியான வீட்டில் யாருக்குத் தொற்றப் போகிறது என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவள் குழாயை மூடாமல் கழுவிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பெயர் வைக்கவில்லை. அதோடு பேசுவதும் இல்லை. பேசினால் பழகிவிடும் என்றாள்.

இடம் மாறியதால் அது மூன்று வாரம் எதையும் தொடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எனக்குத் தொலைபேசி வந்தது.

"சாப்பிட்டுருச்சு" என்றாள்.

நல்லது என்றேன். அப்புறமும் அவள் வைக்கவில்லை. 

"இத யார்கிட்ட சொல்றதுன்னு யோசிச்சேன். டெரிக்கும் இல்ல, எட்னாவும் இல்ல" என்றாள். "அதான் உன்னக் கூப்பிட்டேன் கண்ணு."

நான் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கதவைத் திறந்தபோது அவள் கை ஈரமாக இருந்தது. தேநீர் போட்டுக் கொடுத்தாள். சமையலறையில் உட்கார்ந்து குடித்தோம். பாம்பைப் பார்க்கிறாயா என்று அவள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.