செவ்வாய்க்கிழமைகள்

என் மகளுக்கு இரண்டரை வயதாகியும் பேச்சு வரவில்லை. "எங்க வீட்டுல எல்லாரும் லேட்டாத்தான் பேசுனாங்க" என்று மாமியார் சொன்னதை நானும் நம்பினேன். நாங்கள் குடியேறியிருந்த கட்கி என்ற மராத்தி ஊரில், எங்கள் தெரு அங்கன்வாடி டீச்சர் நம்பவில்லை. ஒருநாள் குழந்தைக்குப் பின்னால் நின்று ஒரு தட்டில் கரண்டியால் ஓங்கித் தட்டினார். அவள் திரும்பவே இல்லை.

"ஹிலா ஐகூ யேத் நாஹி" என்றார். இவளுக்குக் காது கேட்கவில்லை என்று அவர் மராத்தியில் சொன்னதும் குழந்தையை வாரி எடுத்துக்கொண்டேன்.

அரசு மருத்துவமனைக்கு அவரே எங்களை அழைத்துப்போனார். காதுக் கருவியும் பேச்சுப் பயிற்சியும் இலவசமாகக் கிடைத்தன. இரண்டு வருடம் செவ்வாய்தோறும் பஸ்ஸில் போய்வந்தோம். வழியெல்லாம் நாய், மாடு, ரயில் என்று நான் காட்டிச் சொல்லுவேன். அவள் என் உதட்டையே பார்ப்பாள். ஒரு செவ்வாயன்று ரயில் சத்தம் கேட்டதும் என் முகத்தைப் பிடித்துத் திருப்பி, "ம்மா, யில்" என்றாள். பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இப்போது பத்தாவது படிக்கிறாள். தோழிகளோடு மராத்தியில் ஓயாத பேச்சு. அந்த அலைச்சல் என்னைப் பாடாய்ப்படுத்தியது உண்மைதான். இருந்தாலும், அவளை மடியில் வைத்துக்கொண்டு போன அந்த நாட்களுக்காக மனம் ஏங்கத்தான் செய்கிறது.